வெள்ளைப் பொட்டலம்

டீயா காபியா என்று பேக்கரி மாஸ்டர் இரண்டு தடவை கேட்டார். வேல்குமாருக்குப் பதில் தெரியவில்லை. மூன்றாவது தடவை மாஸ்டர் கேட்கவில்லை, ஒரு பூஸ்ட்டைப் போட்டு நீட்டிவிட்டார். நாற்பத்தெட்டு வயது மனிதர் பூஸ்ட் குடிப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை அவராகக் கேட்டுக் குடித்திருக்க வேண்டும்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் அவருக்கு ஒரு தையல் யூனிட் இருந்தது. இருபது மெஷின், ஒரு அயர்ன் மேசை, ஒரு செக்கிங் மேசை. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் துணியை வெட்டி அனுப்புவார்கள்; இவர்கள் தைத்துக் கொடுப்பார்கள். எல்லாம் அமெரிக்கக் குழந்தைகள் போடுகிற டீ சர்ட். அந்தக் குழந்தைகள் நன்றாகத்தான் இருந்தார்கள். அவர்கள் ஊரில் இறக்குமதி வரியை ஏற்றிவிட்டார்கள். வாங்குகிறவன் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டான், கம்பெனி வேல்குமாருக்கு ஒரு போன் போட்டது. சேதி ஒரே ஒரு சொல். ஹோல்டு.

ஹோல்டு என்பது திருப்பூரில் மனிதனுக்கு நேரக்கூடிய தனி நிலை. கேன்சல் என்றால் ஒரு நாள் அழுதுவிட்டு அடுத்த பிழைப்பைப் பார்க்கலாம். ஓகே என்றால் ராப்பகலாக ஓடலாம். ஹோல்டு என்றால் அழவும் கூடாது, ஓடவும் கூடாது. பந்தியில் உட்காரவைத்து, இலையைப் போட்டு, தண்ணீரும் தெளித்துவிட்டுச் சமையல்காரர் எங்கோ போய்விட்ட மாதிரி. எழுந்து போனால் மரியாதை இல்லை, உட்கார்ந்திருந்தால் சோறு இல்லை.

இந்த நேரத்தில் ஊரில் ஆலோசனைக்கு மட்டும் பஞ்சமில்லாமல் போனது. முதலாளிகள் கூட்டத்தில் இது தற்காலிகம் என்றார்கள். கூட்டம் முடிந்து வெளியே டீ குடித்தபோது அதே ஆட்கள் இனி எந்திரிக்காது என்றார்கள். போனைத் திறந்தால் ஒருவர் ஐரோப்பாவுக்குப் போ என்றார், இன்னொருவர் கோழிப் பண்ணை வை என்றார். ஜோசியர் ஐப்பசிக்குப் பிறகு தெளிவு என்று சொல்லிவிட்டு, எந்த வருஷத்து ஐப்பசி என்பதைக் கிரகங்களிடமே விட்டுவிட்டார். வேல்குமார் எல்லோர் சொன்னதையும் கேட்டார், எல்லோர் சொன்னதும் சரியாகவே பட்டது. அதுதான் வியாதி.

யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "பாக்கலாங்க."

காலையில் ஷட்டரைத் திறக்கும்போதே தையல்காரர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். "அண்ணா, வேலை வருமா?" பாக்கலாம். எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர் கேட்பார், ஆளுகளை வைத்திருப்பீர்களா, விட்டுவிடுவீர்களா? பாக்கலாங்க. காதர்பேட்டை வியாபாரி ஒருவர் உள்ளூருக்கு நைட் பேண்ட் தைத்துத் தரச்சொல்லி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அமெரிக்காவுக்குத் தைத்த கை நைட் பேண்ட் தைப்பதா என்ற கேள்விக்கும் பாக்கலாங்க.

மச்சினன் தரணீதரன்தான் அந்தப் பதிலுக்குக் கெடு வைத்தார். பார்சல் கம்பெனி ஒன்றுக்கு இடம் பிடித்துத் தருவது அவருடைய தொழில்.

"மாமா, ஷெட்டைக் குடோனுக்கு விட்டுருங்க. கூரையும் நல்லாருக்குது, லாரியும் வந்து திரும்பும். மெஷினுகளை வித்துப்போட்டு நிம்மதியா இருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, இல்லீன்னா அவிய வேற எடம் பாத்துருவாங்க."

"பாக்கலாம் மாப்ள," என்றார் வேல்குமார்.

யூனிட்டை ஓட்டுவதா, மூடுவதா? கேள்வி இவ்வளவுதான். கட்டிய மனைவியிடம் இதைக் கேட்கலாம். மனைவி ஜெயபாரதி வெளியாளும் இல்லை, அதே யூனிட்டில் செக்கிங் மேசை அவருடையதுதான். தைத்து வரும் ஒவ்வொரு துணியையும் விரித்துப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார். அவர் கண்ணுக்குத் தப்பிய நூல் அமெரிக்கா போனதில்லை. ஆனால் ஹோல்டு வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனசு என்னவோ என்று இவரும், இவர் மனசு என்னவோ என்று அவரும் சாம்பாருக்கு உப்பு போதுமா என்ற அளவில் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது ஜெயபாரதிதான் சொன்னார். "ஏனுங்க, கரட்டு முருகன்கிட்டப் பூக் கேட்டுப்போடலாங்களா?"

வேல்குமாருக்குத் தோளிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது. சாமளாபுரத்தில் தறி ஓட்டிய குடும்பம் அவர்களுடையது. பெண் எடுப்பதானாலும் போர்வெல் போடுவதானாலும் தறியை விற்பதானாலும் கரடு என்று சொல்லும் அந்தப் பாறைக்குன்றின் மேல் இருக்கும் முருகனிடம் பூக் கேட்காமல் செய்ததில்லை. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று கேட்கிறவர் மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது. பிறகு சம்பந்தமில்லாத யாரையாவது கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூதான் உத்தரவு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வியாழக்கிழமை காலை இரண்டு பேரும் வண்டியில் போனார்கள். பூசாரி பொட்டலங்களை மடித்து வைத்தார். வேல்குமார் கண்ணை மூடினார். வெள்ளை வந்தால் ஓட்டுகிறோம், சிவப்பு வந்தால் நிறுத்துகிறோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சிவப்பு என்றால் நில். ரோட்டிலும் அப்படித்தான், யூனிட்டிலும் அப்படித்தான். கேள்வியை ஒழுங்காகச் சொல்லி முடித்த பிறகு மனசின் ஒரு மூலை தானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டது: சாமி, சிவப்பே வரட்டும்.

உண்மை அதுதான். அவருக்கு அலுத்துவிட்டது. தினமும் காலையில் இருபது பேர் முன்னால், எல்லாம் தெரிந்தவன் மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நிற்க இனித் தெம்பு இல்லை. அதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. முருகன் சொன்னதாக இருக்கட்டும் என்று நினைத்தார்.

அடிவாரத்திலிருந்து யாரோ குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மாவைப் பூசாரி கூப்பிட்டார். அந்த அம்மா ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் வெள்ளை.

வேல்குமார் வேண்டியது அது இல்லை. ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி சொல்லிப்போட்டாருங்க," என்றார் ஜெயபாரதி.

"ஆமா."

"அப்பறம் என்னுங்க. தம்பிகிட்ட நானே சொல்லிப்போடறன்."

"நீயே சொல்லிரு."

திரும்பும் வழியில் வண்டிக் கண்ணாடியில் பார்த்தபோது ஜெயபாரதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனந்தக் கண்ணீர் போலிருக்கிறது என்று வேல்குமார் எண்ணிக்கொண்டார். தான் கேட்டது கிடைக்காவிட்டாலும் அவளாவது சந்தோஷமாக இருக்கிறாளே என்று கொஞ்சம் ஆறுதலும் பட்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும்.

உத்தரவு கிடைத்த பிறகு மனுஷன் மாறித்தான் போனார். வெள்ளிக்கிழமையே காதர்பேட்டைக்குப் போன் போட்டு நைட் பேண்ட்டுக்குச் சரி என்றார். சனிக்கிழமை காலையில் தையல் லைனைப் பார்த்துக்கொள்ளும் பிரதீப்பைக் கூப்பிட்டார். பிரதீப் ஒடிசாக்காரர், எட்டு வருஷமாக இங்கேதான் இருக்கிறார், அவருடைய தமிழில் பாதி திருப்பூர்த் தமிழ், மீதி மெஷின் பாகங்களின் பெயர்கள். திங்கள்கிழமை வெட்டிய துணி வருகிறது, யாரும் ஊருக்குப் போக வேண்டாம் என்று அவரிடம் சொன்னார். பேக்கரிக்குப் போய், கேட்பதற்கு முன்னாலேயே "ஒரு டீங்க, சக்கரை கம்மி" என்றார். மாஸ்டர் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார்.

தனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் வேண்டியதற்கு நேர் எதிராக வந்த உத்தரவு. இருந்தும் இரவு தூக்கம் வந்தது. இத்தனை நாள் தன்னைப் படுத்தியது அமெரிக்காவா, அல்லது இந்த இரண்டுங்கெட்டான் நிலையா என்று ஒரு கணம் யோசித்தார். அதற்குள் நைட் பேண்ட்டுக்கு எலாஸ்டிக் தேட வேண்டியிருந்தது.

ஜெயபாரதியும் சும்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை யூனிட்டுக்குப் போய் அலமாரிகளைத் துடைத்தார். பழைய நூல் கோன்களை மூட்டை கட்டினார். சுவரில் இருந்த முருகன் படத்தை இறக்கி ஒரு துணியில் சுற்றினார். புது வேலைக்காகச் சுத்தம் செய்கிறாள், படத்துக்குச் சட்டம் மாற்றப் போகிறாள் என்று வேல்குமார் மகிழ்ந்தார். முருகன் படத்தைச் சுற்றிக் கட்ட அவரே நூலும் எடுத்துக் கொடுத்தார்.

திங்கள்கிழமை காலை காதர்பேட்டை டெம்போ வந்து யூனிட் வாசலில் நின்றது. டிரைவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு கார் வந்தது. தரணீதரன் இறங்கினார். கூடவே டக் இன் செய்த ஒருவர் கையில் அளக்கும் டேப்போடு இறங்கினார்.

"என்ன மாப்ள, காலங்காத்தால?"

"அக்கா வரச்சொன்னாங்க மாமா. ஷெட்டை அளக்கோணுமல்லோ."

"எதுக்கு அளக்கோணும்?"

தரணீதரன் பதில் சொல்லுமுன் ஜெயபாரதி சீமாறும் கையுமாக உள்ளேயிருந்து வந்தார். டெம்போவைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது யாரு துணி?"

"நம்ம துணிதான். காதர்பேட்டை ஆர்டர்."

"நிறுத்தறதுன்னு ஆனப்பறம் ஆர்டர் எதுக்குங்க?"

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"முருகன்தானுங்க."

"முருகன் ஓட்டச் சொல்லீருக்கறாரு புள்ள."

டக் இன் செய்தவர் டேப்பை ஒரு முறை இழுத்து விட்டார், அது சர்ரென்று உள்ளே போனது. பிரதீப் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். சனிக்கிழமை காலையில் இருக்கச் சொன்ன அண்ணனும், மத்தியானமே வேறு இடம் பார்க்கச் சொன்ன மேடமும் இப்போது எதிரும் புதிருமாக நிற்பதைக் கண்டார். அன்றைக்கே லைனில் போய் அவர் எல்லோரிடமும் சொல்லிவைத்தது ஒரே சொல்தான். ஹோல்டு.

"வெள்ளைதான வந்துச்சு?" என்றார் வேல்குமார்.

"வெள்ளைதானுங்க. அதனாலதான் நிறுத்தறோம்."

"வெள்ளை வந்தா எப்படி நிறுத்தறது? சிவப்புதான நிறுத்தம்?"

"சிவப்பு மங்கலமுங்க. குங்குமம், கூறைச்சீலை, எல்லாம் சிவப்பு. அது வந்தா ஓட்டறது. வெள்ளைக்குத்தான் நிறுத்தம்னு கேட்டன்."

"வருசம் பூரா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் துணியத் திருப்பி அனுப்பறவ நீ."

"அது தொழிலுங்க. இது சாமி காரியம்."

டெம்போ டிரைவர் இரண்டு பக்கமும் பார்த்தார். நியாயமான ஆள். "அண்ணா, பாதி இறக்கட்டுங்களா?" என்றார்.

"மறுபடியும் பூக் கேட்டுப்போட்டா ஆச்சு," என்றார் தரணீதரன். அதுவும் சரி என்று பட்டது. எல்லோரையும் அப்படியே நிறுத்திவிட்டு இரண்டு பேரும் மறுபடி கரட்டுக்கு வண்டியை விட்டார்கள்.

பூசாரி நடை சாத்தப் போகிற நேரம். வேல்குமார் முழுக் கதையையும் சொன்னார். பூசாரி சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"சாமி மேல தப்பில்லீங்க. ஒத்தப் பொட்டலத்துக்கு ரெண்டு கேள்வி கேட்டுப்போட்டீங்க."

"இன்னொருக்காக் கேக்கலாங்களா?"

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தானுங்க. பொறவு சாமி வாக்குக்கு என்ன மதிப்பு?" பூசாரி பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்தார். "என்ன வேண்டினீங்கன்னு நீங்களே பேசி முடிச்சுக்கங்க. நான் சாப்புடப் போறன்."

"வாய்விட்டுச் சொன்னாப் பலிக்காதுங்களே," என்றார் ஜெயபாரதி.

"பலிச்சதே போதுங்க," என்று சொல்லிவிட்டுப் பூசாரி படி இறங்கிப் போனார்.

வேப்பமரத்து நிழலில் படியில் உட்கார்ந்தார்கள். கீழே ரோட்டில் பனியன் கம்பெனி வேன் ஒன்று பாதி காலியாகப் போயிற்று. கட்டிய நாளிலிருந்து இப்படிச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது எப்போது என்று வேல்குமாருக்கு நினைவில்லை. மெஷின் ஓடும்போது நேரமில்லை, ஓடாதபோது தைரியமில்லை.

"அன்னைக்கு வெள்ளை வந்ததும் உங்களுக்குச் சந்தோசம்னு நெனச்சனுங்க," என்றார் ஜெயபாரதி. "சரி, உங்களுக்கும் நிறுத்தறதுதான் இஷ்டம்போலன்னு மனசத் தேத்திக்கிட்டேன்."

"எனக்கென்ன சந்தோசம்? நான் சிவப்பு வரோணும்னு வேண்டுனேன்."

ஜெயபாரதி திரும்பிப் பார்த்தார். "நானுந்தாங்க."

வேல்குமாருக்கு இது புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தன் சிவப்பு நிறுத்துவது. அவள் சிவப்பு ஓட்டுவது. அப்படியானால் வண்டியில் துடைத்தது ஆனந்தக் கண்ணீர் இல்லை. யூனிட்டை மூடுகிறோமே என்று அழுதுகொண்டு வந்திருக்கிறாள். அழுதுவிட்டு, சாமி சொல்லிவிட்டார் என்பதற்காகத் தானே சீமாறை எடுத்துக் கூட்டியிருக்கிறாள், தானே முருகனைத் துணியில் சுற்றியிருக்கிறாள். நான் நூல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவள் மேல் பிரியம் வந்தது.

"எனக்கு அலுத்துப்போச்சு பாரதி," என்றார். "வேலை செய்யறதுக்கு அலுப்பில்ல. காலைல எல்லாரும் மூஞ்சியப் பாப்பாங்க. எனக்கு ஒண்ணுந் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நிக்கோணும். அதான் முடியல."

"உங்களுக்குத் தெரியாதுங்கறது எல்லாத்துக்கும் தெரியுமுங்க."

"எல்லாத்துக்குமா?"

"எனக்குத் தெரியும், பிரதீப்புக்குத் தெரியும். பேக்கரிக்காரருக்கே தெரியும். இந்த ஊர்ல இப்ப யாருக்குத்தான் தெரியும், சொல்லுங்க? தெரியிலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லீருந்தா நானும் என்ற மனசச் சொல்லீருப்பன். நீங்க பாக்கலாம்னீங்க. நானும் பாத்துட்டே இருந்தேன்."

"உன்ற மனசு என்ன?"

"எனக்கு அந்த யூனிட்டு ஓடோணுமுங்க. ஊட்டுல உக்காந்து நியூஸ் பாத்துப் பயந்துட்டு இருக்கறதுக்கு, நைட் பேண்ட்டே தைக்கலாம். பேண்ட்டுன்னு வந்தா அதையும் யாராச்சும் போடத்தான போறாங்க."

வேல்குமார் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே எதிர்பாராமல் சொன்னார். "அப்ப நீ ஓட்டு."

"என்னங்க?"

"நீ ஓட்டு. ஆர்டர் பேசறது, போன் எடுக்கறது, ஆளுகளுக்குப் பதில் சொல்றது அத்தனையும் நீ. நான் மெஷினப் பாத்துக்கறேன். செக்கிங் மேசைல உக்காந்துக்கறேன்."

ஜெயபாரதி அவரை நன்றாகப் பார்த்தார், விரித்துப் போட்ட துணியைப் பார்க்கிற பார்வை அது. "ஸ்டிக்கர் நேரா ஒட்டத் தெரியுமாங்க உங்களுக்கு?"

"தெரியாது," என்றார் வேல்குமார். அந்தச் சொல்லைச் சொல்வது அவர் நினைத்த அளவு கஷ்டமாக இல்லை.

திரும்பி வந்தபோது டெம்போவில் சரியாகப் பாதி துணி இறங்கியிருந்தது. மீதியையும் இறக்கச் சொன்னார் ஜெயபாரதி. தம்பியிடம் ஷெட் கிடைக்காது, வந்ததற்குச் சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். டக் இன் செய்தவர் வந்ததற்கு வாசற்கதவையாவது அளந்துகொண்டு போனார்.

பிரதீப் உள்ளே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தையல்காரர்கள் மெஷின் முன்னால் உட்காராமல் நின்றார்கள். எல்லோரும் வழக்கம்போல வேல்குமார் முகத்தைத்தான் பார்த்தார்கள். பதில் சொல்வது இனி ஜெயபாரதி வேலைதான். ஆனாலும் இந்த ஒரு பதில் தான் வைத்துவிட்ட பாக்கி என்று வேல்குமாருக்குத் தோன்றியது.

"அண்ணா, நாங்க இருக்கறதா, போறதா? ஹோல்டா?"

வாய் பழக்கத்தில் 'பாக்க' வரை போனது. வேல்குமார் அதை விழுங்கினார்.

"தெரியல பிரதீப்," என்றார். "இந்தத் துணி பதினஞ்சு நாளைக்கு வரும். அதுக்கு நான் ஜவாப்தாரி. அதுக்கு அப்பறம் என்னன்னு எனக்குத் தெரியல. நெசமாத் தெரியல. வேற இடத்துல நல்ல வேலை கிடைச்சா யாரும் எனக்காக நிக்க வேண்டாம்."

பிரதீப் திரும்பி, இதை இந்தியில் மற்றவர்களுக்குச் சொன்னார். சின்ன வாக்கியமாகத்தான் இருந்தது. இனி ஒவ்வொருவராகப் பையை எடுப்பார்கள் என்று வேல்குமார் தயாரானார். ஒருவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இன்னொருவர் ஊசியில் நூல் கோர்த்தார். அயர்ன் மேசையில் வேலை செய்யும் ராமாத்தாள் பெட்டியை மாட்டிச் சூடு பார்த்தார்.

"பதினஞ்சு நாள் போதும் அண்ணா," என்றார் பிரதீப். "எட்டு வருஷத்துல நீங்க இவ்ளோ கிளியரா சொன்னதே இல்ல."

மத்தியானத்துக்கு மேல் முதல் நைட் பேண்ட் செக்கிங் மேசைக்கு வந்தது. வேல்குமார் விரித்துப் பார்த்தார். இடுப்புப் பட்டி நேராக இருந்தது, கால் இரண்டும் ஒரே நீளம், ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. பின்னால் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜெயபாரதி போனில் யாரிடமோ கறாராகப் பேசிக்கொண்டிருந்தார். சுவரில் முருகன் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். இதற்கு ஏன் அழுகை வர வேண்டும் என்று வேல்குமாருக்குத் தெரியவில்லை, ஆனால் வந்தது, நன்றாகவே வந்தது. கைக்கு எட்டியது அந்தப் பேண்ட்தான். அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜெயபாரதி போனைக் காதில் வைத்தபடியே மேசைக்கு வந்தார். பேண்ட்டை வாங்கி விரித்தார். ஈரமாக இருந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.